வீட்டில் எத்தனை பேர்

பாத்திரம் வைக்கிற சத்தத்திலேயே நாத்தனாரின் மனநிலையைச் சொல்லிவிடலாம். அன்று காலை டீ பாத்திரம் அடுப்பில் உட்காரவில்லை, விழுந்தது.

"இன்னைக்கு மதியத்துக்குள்ள பதில் சொல்லணுமாம். இந்த வீட்டுல யாருக்காவது அந்தக் கவலை இருக்கா?" என்று நாத்தனார் அடுப்பைப் பார்த்துக் கேட்டார். பக்கத்தில் மகள்கள் இருவருக்கும் சாப்பாட்டு டப்பாவை மூடிக்கொண்டிருந்த தனக்குத்தான் அந்தக் கேள்வி என்று அவளுக்குத் தெரியும். தலையை நிமிர்த்தாமல் அடுத்த டப்பாவை எடுத்தாள்.

அவள் கணவன் லிஃப்ட் மெக்கானிக். பன்னிரண்டு வருடமாக ஊரில் உள்ள அத்தனை கட்டிடங்களின் லிஃப்டுக்குள்ளும் தலையை விட்டு வேலை பார்த்தவன். இப்போது கம்பெனி அவனைப் பெருநகரத்துக்கு மேற்பார்வையாளராகக் கூப்பிடுகிறது. இங்கே வாங்குவது நாற்பதாயிரம், அங்கே எழுபதாயிரம். கேட்ட அன்றைக்கே நாத்தனார் தெருவெல்லாம் சொல்லிவிட்டார். வீட்டில் வேண்டாம் என்றது அவள் ஒருத்திதான். ஏன் என்று கேட்டால் "ஒத்து வராதுங்க" என்பாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது.

வராததற்குக் காரணம் இருந்தது. ஓர் ஊரில் வாழ்கிற மாதிரியே இன்னோர் ஊரில் வாழ எவ்வளவு சம்பளம் வேண்டும் என்று சொல்கிற பக்கம் ஒன்று கணவனின் போனில் இருந்தது. வாடகை, பஸ் செலவு, பள்ளிக்கூடம், மருந்து எல்லாவற்றையும் அதுவே கூட்டிச் சொல்லிவிடும். பெருநகரத்துக்கு அறுபத்தாறாயிரம் போதும் என்றது. "பார், மாசம் நாலாயிரம் கையில நிக்கும்" என்று பூரித்துப்போனான் கணவன். அவள் போனை வாங்கி மேலே தள்ளிப் பார்த்தாள். 'வீட்டில் எத்தனை பேர்?' என்ற கட்டத்தில் நான்கு என்று இருந்தது.

அவன், அவள், இரண்டு பெண்கள். உங்க அக்கா எங்கே என்று கேட்டாள். அக்காவுக்கு இந்த ஊர்தான் பழக்கம், இங்கேயே ஓர் அறை பார்த்து வைத்துவிட்டு மாதாமாதம் பணம் அனுப்பிவிடலாம், நேரம் பார்த்து நானே சொல்லிக்கொள்கிறேன் என்று சுவரைப் பார்த்துச் சொன்னான் அவன். அவள் நான்கை ஐந்தாக்கினாள். நான்கு பேருக்கு மேல் என்றால் அந்த ஊரில் பெரிய வீடு வேண்டும், வாடகை ஏறிவிடும். எண்பத்திரண்டாயிரம் என்று வந்தது. எழுபதை வைத்துக்கொண்டு எண்பத்திரண்டுக்கு எங்கே போவது?

நாத்தனார் தனியாக ஓர் அறையில் இருக்கமாட்டார். ஐந்து வருடத்துக்கு முன் கணவர் இறந்த பிறகு ஒரே ஒரு பெட்டியோடு இங்கே வந்தவர், அன்று முதல் கூடத்தில் இரண்டு பெண்களுக்கும் நடுவில்தான் படுக்கிறார். வாய் மட்டும் ஏழு ஊருக்குக் கேட்கும். டப்பா மூடியைக்கூடத் திறந்து சோதிப்பதால் பிள்ளைகள் வைத்த பெயர் இன்ஸ்பெக்டர் அத்தை. ஆனால் சின்னவள் குறைமாதத்தில் பிறந்து கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்த நாற்பது நாளும், ஆஸ்பத்திரி பெஞ்சை விட்டு எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்ததும் இதே இன்ஸ்பெக்டர்தான். அதை அவளால் எப்படி மறக்க முடியும்?

கம்பெனிக் கிளைக்கு ஆள் கேட்டிருந்த இன்னொரு நடுத்தர ஊரையும் அவள் போட்டுப் பார்த்தாள். ஐந்து பேருக்கு ஐம்பத்து மூன்று. அங்கே சம்பளம் ஐம்பத்தாறு. ஆனால் மேற்பார்வையாளர் இல்லை, அதே மெக்கானிக் வேலைதான். எழுபதை விட்டுவிட்டு ஐம்பத்தாறுக்கு எவனாவது போவானா என்று அவன் போனைப் பிடுங்கிக்கொண்டான். அப்படியென்றால் எங்கேயும் வேண்டாம் என்றாள். காரணத்தை மட்டும் அக்காவிடம் சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டாள். அன்று தொடங்கிய ஏச்சு ஒரு மாதமாக ஓயவில்லை. பேசவேண்டியவன் வாயை மூடிக்கொண்டு சாப்பிட்டான்.

பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனதும் நாத்தனார் நேராகவே ஆரம்பித்தார்.

"பல் டாக்டர்கிட்ட டோக்கன் எழுதற வேலைய விட மனசு வரல உனக்கு. அந்தப் பன்னிரண்டாயிரத்துக்காக என் தம்பி காலத்துக்கும் கிரீஸ் கையோட கிடக்கணும்... நீயெல்லாம் நல்லா இருப்பியா?"

கடைசி வார்த்தை அவளைச் சுருக்கென்று தைத்தது. கண் நிறைந்துவிட்டது. "நீங்க என்ன வேணா சொல்லுங்க அண்ணி. ஒத்து வராது" என்று மட்டும் சொன்னாள்.

"ஒத்து வருமா வராதான்னு நானே போட்டுக் காட்டறேன்." கணவன் குளித்துக்கொண்டிருந்தான். மேசை மேல் இருந்த அவன் போனை எடுத்துக்கொண்டு நாத்தனார் நாற்காலியில் உட்கார்ந்தார். அவள் பாய்ந்து போய்க் கையை நீட்டினாள். நாத்தனார் அந்தக் கையைத் தட்டிவிட்டார்.

பெருநகரத்துக்கு அவன் மறுபடி போட்டுப் பார்த்திருந்த விவரங்கள் அப்படியே இருந்தன. "அறுபத்தாறு. போதுமா? இதுக்குத்தான் இவ்வளவு..." என்று ஆரம்பித்தவர் நிறுத்தினார். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். "நாலுன்னு போட்டிருக்கான். சின்னவள விட்டுட்டான் போல, முட்டாப் பய." ஒரு விரலை மடக்கினார். இரண்டாவதை மடக்கினார். நான்காவது விரல் மடங்கியதும் கட்டைவிரல் மட்டும் நீட்டிக்கொண்டு நின்றது. அதையே பார்த்துக்கொண்டிருந்தார். மறுபடி முதலிலிருந்து எண்ணினார்.

பிறகு, யாரும் சொல்லாமலே, நான்கை ஐந்தாக்கினார். எண்பத்திரண்டு வந்தது.

தலையைத் துவட்டிக்கொண்டு வந்த தம்பியிடம் அவர் சத்தம் போடவில்லை. "இந்த நாலுல நான் எங்கடா இருக்கேன்?" என்றுதான் கேட்டார்.

அவனுக்குப் பொய் சொல்லத் தெரிந்திருந்தால் சொல்லியிருப்பான். "உனக்கு இங்கேயே ஒரு ரூம்... தப்புதான்க்கா. இவதான் அஞ்சுன்னு போட்டுப் பார்த்தா. உன்ன விட்டுட்டு வரமாட்டேன்னுட்டா" என்று சொல்லிவிட்டுத் துண்டால் முகத்தை மூடிக்கொண்டான்.

நாத்தனார் எழுந்து கூடத்து மூலைக்குப் போய்த் தன் பெட்டியை இழுத்தார். "போயிட்டு வாங்கடா. நான் எங்கயாவது இருந்துப்பேன்."

"இதுக்குத்தான் அண்ணி நான் வாயத் திறக்கல" என்று அவள் பெட்டியின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். ஒரு மாதமாக அடக்கி வைத்திருந்த அழுகை மொத்தமும் வந்தது. "சொன்னா நீங்க பெட்டியத் தூக்குவீங்கன்னு தெரியும். தூக்கினா நான் எழுந்திரிக்க மாட்டேன். நாற்பது நாள் நீங்க எழுந்தீங்களா?"

நாத்தனார் பெட்டியை இழுத்துப் பார்த்தார். அசையவில்லை. "உன்ன என்னவெல்லாம் சொன்னேன்... இப்பக்கூட... நல்லா இருப்பியான்னு கேட்டேனேம்மா" என்றவர் தரையில் சரிந்து, அவள் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். அவள் அந்த நரைத்த தலையைக் கட்டிக்கொண்டாள்.

கணவன் சட்டைகூடப் போடாமல் போனை எடுத்தான். கம்பெனி அலுவலகத்தை அழைத்தான். பெருநகரம் வேண்டாம், அந்த நடுத்தர ஊரில் மெக்கானிக் வேலையே போதும் என்றான். மறுமுனையில் இரண்டு தடவை யோசிக்கச் சொன்னார்கள். யோசித்துவிட்டேன் என்றான். மேற்பார்வையாளர் நாற்காலி போனதில் அவன் குரல் கொஞ்சம் கம்மியதை அவள் கவனிக்காமல் இல்லை. எழுதிக்கொள்கிறோம் என்றவர்கள், குடிபெயரும் செலவுக்காக ஒரு விவரம் கேட்டார்கள். வீட்டில் எத்தனை பேர்?

அவன் திரும்பிப் பெட்டியைப் பார்த்தான், அதன் மேல் இருந்தவளைப் பார்த்தான், அவள் மடியில் கிடந்த அக்காவைப் பார்த்தான்.

"அஞ்சு பேர் சார்" என்றான். பாதிக் குரல்தான் வெளியே வந்தது. மறுமுனையில் "என்ன?" என்றார்கள்.

நாத்தனார் மடியிலிருந்து முகத்தை எடுக்காமலே சொன்னார். "சத்தமா சொல்லுடா. அவருக்குக் கேக்கலையாம்."