உப்பாக இருந்த பனி

அரையாண்டு விடுமுறையில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை. ஓரிக்கையில் குருவின் வீட்டு வாசலில் பைக்கை நிறுத்திய வசந்த், ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தான். பள்ளிக்கூட நாளில் குருவிடம் இயற்பியல் டியூஷன் படித்தவன். இப்போது பட்டுப்புடவைகளை இணையத்தில் விற்கிறான். அன்று அவன் தேடி வந்தது வாத்தியாரை அல்ல, வாத்தியாரின் மனைவியை.

ஜெயப்ரியா ஓர் இன்சூரன்ஸ் நிறுவனத்துக்காக விபத்து இழப்பீட்டுக் கோரிக்கைகளை விசாரிப்பவள். எரிந்த கடை, கவிழ்ந்த லாரி என்று இருபது வருஷம் பார்த்தவள். அவள் குரலை உயர்த்தி குரு கேட்டதில்லை. குருவுக்கோ விடுமுறை வந்தால் போதும், கேமராவும் அளவு நாடாவுமாக அவள் பின்னால் கிளம்பிவிடுவார்.

"அக்கா, ரெண்டு மணிக்குள்ள நீங்க ஒரு வாட்டி எங்க வீட்டுக்கு வரணும்," என்றான் வசந்த். "ரெண்டு மணிக்கு என் வொய்ஃப் சுகாசினி போலீஸ் ஸ்டேஷனுக்குப் போறா."

"ஸ்டேஷனுக்கு எதுக்குப்பா?"

அவன் போனை நீட்டினான்.

அவனுடைய நான்கு வயது மகள் ஜீவிதாவின் வெற்று முதுகு. குரு முதலில் அதை அழுக்கு என்றுதான் நினைத்தார். பிறகு விரல்கள் தெரிந்தன. முதுகின் இரண்டு பக்கத்திலிருந்தும் நான்கு நான்கு விரல்கள், சிவந்து கறுத்து, நுனியில் கொப்புளம் கட்டி, முதுகெலும்பை நோக்கி நீண்டிருந்தன. யாரோ பழுக்கக் காய்ந்த கைகளால் குழந்தையைத் தூக்கியது போல. குரு கையிலிருந்த டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

"முன்பக்கமும் இருக்குது சார். ரெண்டு கட்டை விரல்," என்றான் வசந்த்.

மீதியை அவன் தலை குனிந்தபடி சொன்னான். சுகாசினிக்கு வீட்டிலிருந்தே வேலை. திங்கட்கிழமை மட்டும் சென்னை அலுவலகத்துக்குப் போவாள். அன்று முழுவதும் குழந்தை, வீட்டு வேலைக்கு வரும் கங்கையம்மாளிடம் இருக்கும். நேற்று அப்படித்தான் இருந்தது. சாயங்காலம் குளிப்பாட்டும்போது முதுகு லேசாகச் சிவந்திருந்தது. விடிந்து பார்த்தால் இப்படி.

"ஞாயித்துக்கிழமை ராத்திரி கவுன் மாத்தினது சுகாசினிதான்க்கா. அப்ப ஒரு கீறல்கூட இல்லன்னு சொல்றா. கிளினிக்ல காட்டினோம். சூடு வெச்ச மாதிரி இருக்குதுன்னு டாக்டர் சொல்லிட்டார்."

"கங்கையம்மா என்ன சொல்றாங்க?"

"நான் செய்யலன்னு ஒரே பேச்சு. காலைல ஏழு மணிக்கு முசரவாக்கத்துலேருந்து பஸ்ல வந்தவங்கள சுகாசினி தெருவிலயே நிக்க வெச்சி கேட்டுட்டா. அக்கம்பக்கம் எல்லாம் பாத்துது. யாரோ வீடியோ எடுத்து குரூப்ல போட்டுட்டாங்க. மூணு வருஷமா எங்க வீட்ல இருக்கிறவங்க அவங்க. எனக்கு யாரை நம்பறதுன்னே தெரியல."

"கொழந்தை என்ன சொல்லுது?"

"யாரும் ஒண்ணும் பண்ணலன்னு சொல்லுது. மெரட்டி வெச்சிருக்காங்கன்னு சுகாசினி சொல்றா."

ஜெயப்ரியா செருப்பை மாட்டிக்கொண்டாள்.

செவிலிமேட்டில் வசந்தின் வீட்டு வாசற்படியில் கங்கையம்மாள் உட்கார்ந்திருந்தாள். ஐம்பது வயதிருக்கும். மடியில் துணிப்பை, அதற்குள் பிரிக்காத சோற்று டப்பா. எதிர் வீட்டு கேட்டில் மூன்று பெண்கள் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஜெயப்ரியா அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"வீட்டுக்குப் போயிருக்கலாமே?"

"போனா நான் செஞ்சதா ஆயிடும்மா."

"இங்கயே இருந்தா போலீஸ் வருமே."

"வரட்டும். அவங்களாவது என்ன நடந்துதுன்னு கேப்பாங்க."

உள்ளே சுகாசினியின் கண்கள் வீங்கியிருந்தன. வார்த்தைகள் மட்டும் தெளிவாக வந்தன. "மேடம், ஞாயித்துக்கிழமை ஒண்ணும் இல்ல. திங்கக்கிழமை நான் ஊர்லயே இல்ல. என் வீட்டுக்காரர் புடவை எடுக்கப் போயிட்டார். இதுல விசாரிக்க என்ன இருக்குது?" பேசும்போதே முழங்கைக்குக் கீழே ஒரு கறுத்த தழும்பைத் தேய்த்துக்கொண்டாள். ஜெயப்ரியா அதைப் பார்ப்பதைக் கண்டு, "எண்ணெய் தெறிச்சிடுச்சு," என்றாள்.

ஜீவிதா தரையில் குப்புறப் படுத்துப் படம் வரைந்துகொண்டிருந்தாள். ஜெயப்ரியா தொடாமல், தன் கையைக் காயத்துக்கு மேலே விரித்துப் பிடித்து அளவு பார்த்தாள். குரு படம் எடுத்தார். ஒரு விரல் நுனியிலிருந்து மெல்லிய கறுப்புக் கோடு ஒன்று இடுப்பு வரை வளைந்து இறங்கியிருந்தது. அவள் குழந்தையை எழுப்பி நிற்க வைத்தாள். கைகளைத் தூக்கச் சொன்னாள், தொங்கவிடச் சொன்னாள். அக்குளில் மட்டும் தோல் சுத்தமாக இருந்தது.

"இது என்ன படம்மா?"

"டம்ளரு. இதெல்லாம் பனி," என்று ஜீவிதா வெள்ளைப் புள்ளிகளைக் காட்டினாள். "பனி உப்பா இருந்துச்சு."

"கார்ட்டூன் பாத்துட்டு என்னென்னமோ சொல்லும்," என்றாள் சுகாசினி.

குருவுக்கு அந்தப் பேச்சில் அக்கறை இல்லை. மாடியில் குடியிருக்கும் ஜோசுவா சாயப்பட்டறையில் வேலை செய்பவன் என்று வசந்த் சொல்லியிருந்தான். குரு படியேறிப் போனவர் ஐந்தே நிமிடத்தில் மூச்சிரைக்கத் திரும்பினார். "ப்ரியா, அவன் ரூம்ல அஞ்சு லிட்டர் கேன். ஆசிட்."

பின்னாலேயே வந்த ஜோசுவா பயந்துபோயிருந்தான். "பட்டறைக்கு எடுத்துக்கினு போறது மேடம். சீல்கூடப் பிரிக்கல. நான் பாப்பாவத் தூக்கினதே இல்ல."

"கடைசியா பாப்பாவ எப்ப பாத்தீங்க?"

அவன் யோசித்தான். "ஞாயித்துக்கிழமை. பதினோரு மணி இருக்கும். தலைக்குத் தண்ணி ஊத்திட்டு, முடி காய மொட்டை மாடியில விட்டிருந்தாங்க. ஜட்டியோட சாக்பீஸ்ல கோடு போட்டு வெளையாடிக்கினு இருந்துது. ஒரு மணி நேரம் இருக்கும்."

"ஆசிட்டா இருக்க முடியாதுங்க," என்று ஜெயப்ரியா கணவரிடம் சொன்னாள். "பட்ட உடனே குழந்தை தெருவே கேக்கற மாதிரி கத்தியிருக்கும். தூக்கினவங்க கை மொதல்ல வெந்திருக்கும். அதோட, இது ஆம்பளக் கை இல்ல. என் கைய விட சின்னது."

குருவின் முகம் வாடியது. திங்கட்கிழமை இந்த வீட்டில் பெண் கை என்றால் மிச்சம் இருப்பது வாசலில் உட்கார்ந்திருப்பவளுடையதுதானே?

ஜெயப்ரியா சமையலறைக்குள் போனாள். ஃப்ரிட்ஜைத் திறந்தாள். ஒரு டம்ளர் தண்ணீரில் மரிக்கொழுந்துக் கட்டு நின்றது. பக்கத்தில் உரித்த மாதுளை முத்துகள். அலமாரியில் ஒரு பெரிய கண்ணாடி ஜாடி நிறைய பிழிந்த எலுமிச்சைத் தோல், உப்பில் ஊறிக்கொண்டிருந்தது. அவள் ஜன்னல் வழியாகக் குரல் கொடுத்தாள்.

"கங்கையம்மா, இந்த ஊறுகாய் எப்ப போட்டது?"

"நேத்து காலைலம்மா. பிழிஞ்ச தோலு ஒரு குண்டான் நெறைய கெடந்துது. வீணாப் போவுதேன்னு உப்புல போட்டு வெச்சேன்."

ஜெயப்ரியா திரும்பினாள். "எதுக்கு இத்தன எலுமிச்சம்பழம்?"

"ஞாயித்துக்கிழமை எலுமிச்ச சாதம் செஞ்சேன்," என்றாள் சுகாசினி.

குரு ஜாடியைப் பக்கவாட்டில் பார்த்தார். நாற்பது மூடிக்குக் குறையாது. இருபது பழம். மூன்று பேர் சாப்பிடும் சாதத்துக்கு இருபது பழமா?

ஜெயப்ரியா வாசற்பக்கம் போய், தான் எடுத்த குறிப்புகளோடு குருவின் படங்களையும் ஒருவருக்கு அனுப்பினாள். காப்பீட்டு வழக்குகளில் பழக்கமான தோல் மருத்துவர் கமலாட்சிக்கு. பத்து நிமிடம் போனில் பேசினாள். ஒன்றரை மணிக்கு எல்லோரையும் கூடத்துக்கு அழைத்தாள். கங்கையம்மாள் உள்ளே வர மறுத்துவிட்டாள். "இங்கேருந்தே கேக்குதும்மா," என்றாள். கதவைத் திறந்தே வைத்தார்கள்.

"எல்லாரும் திங்கக்கிழமையையே தேடறீங்க," என்று ஜெயப்ரியா தொடங்கினாள். "இது ஞாயித்துக்கிழமை நடந்துது."

"ஞாயித்துக்கிழமை ராத்திரி நானே பாத்தேன் மேடம்," என்றாள் சுகாசினி.

"பாத்திருப்பீங்க. அப்ப ஒண்ணும் தெரிஞ்சிருக்காது. சூட்டுக்கை பட்டிருந்தா, தூக்கும்போது அழுத்தம் அதிகமா விழற எடம் அக்குள்தான். அங்கதான் அதிகமா வெந்திருக்கணும். ஆனா அங்க ஒண்ணும் இல்ல. கையத் தொங்கவிட்டா எது மறையுதோ, அது தப்பிச்சிருக்குது. நீங்க சொல்லுங்க," என்று கணவரைப் பார்த்தாள். "மறைஞ்ச எடத்துல எது விழாது?"

குரு வருஷா வருஷம் கரும்பலகையில் வரையும் பாடம் அது. "வெயில்," என்றார். சொன்ன பிறகுதான் தனக்கே உறைத்தது.

"வெயில்தான். ஆனா வெறும் வெயில் கை மாதிரி காயம் போடாது. வெரல்லேருந்து இடுப்பு வரைக்கும் ஒரு கோடு ஒழுகியிருக்குது. ஒழுகறது திரவம். அப்போதைக்கு எரியாத திரவம். எலுமிச்சம் சாறும் தோல்ல இருக்கற எண்ணெயும் ஒடம்புல பட்டு, அதோட நல்ல வெயில்ல நின்னா தோல் வெந்துடும்னு டாக்டர் கமலாட்சி சொல்றாங்க. உடனே தெரியாது. ஒரு நாள் கழிச்சி செவக்கும், அப்புறம் கொப்பளிச்சி கறுக்கும். இதே மாதிரி கை அடையாளத்தோட அவங்ககிட்ட முன்னயே ஒரு குழந்தை வந்திருக்குது."

"நாம தினமும் எலுமிச்ச பிழியறோமே ப்ரியா?" என்றார் குரு.

"ஒண்ணு ரெண்டு பிழிவோம், கைய கழுவிடுவோம், வீட்டுக்குள்ள இருப்போம். இருபது பழம் பிழிஞ்ச கை அப்படி இல்லைங்க. அந்தக் கையோட, குளிச்சி ஈரமா இருந்த குழந்தையத் தூக்கி, உச்சி வெயில்ல விட்டிருக்காங்க. ஞாயித்துக்கிழமை கங்கையம்மா வர்ற நாளே இல்ல." அவள் சுகாசினியைப் பார்த்தாள். "உங்க கைல இருக்கறது எண்ணெய் தெறிச்ச காயம் இல்லம்மா. சாறு ஒழுகின காயம். துணி காயப்போட மாடிக்குப் போனீங்களா?"

சுகாசினி தன் முழங்கையைப் பார்த்தாள். ஒழுகி வளைந்த அதே மெல்லிய கோடு. பிறகு குழந்தையின் முதுகைப் பார்த்தாள். கூடத்தில் இருந்தவர்களில் ஜீவிதா மட்டும்தான் அசைந்தாள், சாக்பீஸ் தேடி.

"என்ன செஞ்சிக்கினு இருந்த?" என்றான் வசந்த்.

அவள் அவனைப் பார்க்காமல் சொன்னாள். "மார்கரிட்டா. கோவாவுல குடிச்சோமே, எலுமிச்ச சாறும் சரக்கும் கலந்தது. ஒண்ணாந்தேதி நம்ம கல்யாண நாள். குளிர்காலத்துக்குன்னே ஒண்ணு செய்வாங்கன்னு பாத்தேன். தேங்காப்பால் ஊத்தி, பனி மாதிரி வெள்ளையா. டெக்கீலாவும் ஆரஞ்சு மதுவும் ஆபீஸ்ல ஒருத்தி பெங்களூர்லேருந்து வாங்கியாந்தா. பீரோவுல புடவைப் பெட்டிக்குள்ள இருக்குது. டம்ளர் விளிம்புல எலுமிச்ச தடவி, உப்பும் கொப்பரைத் துருவலும் ஒட்டினேன். செவப்புக்கு மாதுளை. பனி விழுந்த மரக்கிளை மாதிரி இருக்கட்டும்னு மரிக்கொழுந்து. மூணு வாட்டி செஞ்சும் புளிப்பு சரியா வரல, திரும்பத் திரும்பப் பிழிஞ்சேன். அப்பதான் பாப்பா குளிச்சிட்டு ஓடி வந்து டம்ளர நக்கப் பாத்துது. பதறிப்போய்த் தூக்கிக்கினு ஓடி மாடியில விட்டேன். கீழ வந்து உள்ளங்கைய மட்டும் கழுவிட்டு, துணி காயப்போட மறுபடி மேல போனேன்." அவள் வசந்த் பக்கம் திரும்பினாள். "உங்கப்பா ரெண்டு தெரு தள்ளி இருக்கார். தெரிஞ்சா என்ன ஆவும்? அதான் கங்கையம்மா வராத நாளா, நீங்களும் வீட்ல இல்லாத நேரமாப் பாத்து செஞ்சேன்."

அவள் எழுந்து வாசலுக்குப் போனாள். கங்கையம்மாளின் முன்னால் படியில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்தாள்.

"தப்பு பண்ணிட்டேன். உள்ள வாங்க."

கங்கையம்மாள் கையை மெதுவாக விடுவித்துக்கொண்டாள். "காலைல என்னை உள்ள கூப்பிட்டு கேக்கலையேம்மா. ரோட்டுல நிக்க வெச்சிதானே கேட்ட? உள்ள சொன்னா எனக்கு மட்டும்தான் கேக்கும்."

குரு எதிர் வீட்டு கேட்டைப் பார்த்தார். மூன்று பேர் ஏழு பேராகியிருந்தார்கள். ஒரு பெண்ணின் கையில் போன் உயர்ந்திருந்தது. குழந்தைக்கு என்ன ஆயிற்று என்று சொன்னால், எதைப் பிழிந்தாள், எதற்குப் பிழிந்தாள் என்பதையும் சொல்ல வேண்டிவரும். வசந்த் ஒரு அடி எடுத்து வைத்தான், தடுக்கவா கூடப் போகவா என்று அவனுக்கே தெரியாதது போல நின்றான்.

சுகாசினி தெருவில் இறங்கினாள். காலையில் கங்கையம்மாளை நிறுத்தியிருந்த அதே விளக்குக் கம்பத்தடியில் போய் நின்றாள்.

"காலைல நான் சொன்னது பொய்," என்றாள். பிறகு மறுபடியும் சத்தமாகச் சொன்னாள். "கங்கையம்மா எதுவும் செய்யல. நான்தான் செஞ்சேன். ஞாயித்துக்கிழமை வீட்ல சரக்கு கலக்கறதுக்கு எலுமிச்ச பிழிஞ்சேன். அந்தக் கையோட பிள்ளையத் தூக்கி வெயில்ல விட்டேன். அதுதான் அந்தக் காயம். காலைல எடுத்ததை குரூப்ல போட்டீங்க இல்ல, இதையும் போடுங்க."

போனை உயர்த்தியிருந்த பெண் அதை இறக்கினாள். பிறகு, என்ன நினைத்தாளோ, மறுபடி உயர்த்தினாள்.

கங்கையம்மாள் கடைசி வார்த்தை வரை உட்கார்ந்து கேட்டாள். பிறகு முழங்காலைப் பிடித்து எழுந்து, புடவையைத் தட்டிக்கொண்டு, துணிப்பையைத் தோளில் மாட்டினாள். தெருவில் சுகாசினி நின்ற இடத்துக்கு வந்ததும் நின்றாள்.

"நாளைக்கு வருவீங்களா?" என்று சுகாசினி கேட்டாள்.

"தெரியலம்மா," என்றாள் கங்கையம்மாள். "கொப்புளத்தைக் கிள்ள விடாத, புள்ள ராத்திரில சொறியும். நெகம் வெட்டி விடு."

அவள் பஸ் நிறுத்தத்தை நோக்கி, ஏழு பேரின் முகத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தபடி நடந்து போனாள்.