பேட்ரிசியா டீச்சர் கேட்காத கேள்வி

ஐம்பத்தெட்டாம் வருஷத்து ஐப்பசி. மலைக்கோட்டைப் படிகளில் ஏறிக்கொண்டிருக்கும்போதே மழை பிடித்துக்கொண்டது. பேட்ரிசியா டீச்சர் தன் ஐந்தாம் வகுப்புப் பெண்களை மண்டபத்துக்குள் விரட்டினாள்.

"மழையை ஏன் வீணாக்கணும்? உங்களுக்கு நடந்த ஏதாவது ஒண்ணைக் கதையாச் சொல்லுங்க பார்ப்போம்."

"எங்களுக்கு ஒண்ணுமே நடக்கலையே டீச்சர்!"

தூணோரமாக ஒதுங்கியிருந்த இளைஞன் சிரித்துவிட்டான். அவளுக்குச் சுருக்கென்றது.

"என்ன சிரிப்பு வேண்டிக்கிடக்கு?"

"மன்னிச்சுக்கங்க… நானும் வாத்தியார்தான், முசிறியில. பேரு நல்லதம்பி. எங்க பசங்களும் இதையேதான் சொல்லுவாங்க. கடைசியா எதுக்கு அழுதேன்னு கேட்டுப் பாருங்களேன்."

வேண்டாவெறுப்பாகத்தான் கேட்டாள். வள்ளிக்கண்ணு உடனே எழுந்தாள். ஸ்ரீரங்கத்து ஏகாதசிக் கூட்டத்தில் அம்மாவைத் தொலைத்துவிட்டாளாம்… வளையல்காரி ஒருத்தி கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாளாம்… அம்மா வந்த பிறகுதான் அழுகையே வந்ததாம்!

அப்புறம் ஆளாளுக்குக் கை தூக்கினார்கள். மழை விட்டதை யாரும் கவனிக்கவில்லை. பேட்ரிசியா நிமிர்ந்தாள். நனைந்த இமைகளோடு அவன் கண்கள்… அவளையே பார்த்துக்கொண்டிருந்தன. சட்டென்று சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

சனிக்கிழமைதோறும் நல்லதம்பி திருச்சிக்கு வந்தான். தெப்பக்குளத்தருகே புத்தகக் கடையில் தற்செயலாகச் சந்திப்பது போலச் சந்தித்தார்கள். பிள்ளைகள் எழுதும் கதைகளைப் பற்றிப் பேசிப் பேசித் தீரவில்லை. ஒருநாள் கேட்டேவிட்டான்.

"உங்க அப்பாகிட்ட வந்து பேசட்டுங்களா?"

மாதா கோயிலே கதியாகக் கிடக்கும் அப்பா… வேற்று மதத்துப் பையனை ஒத்துக்கொள்வாரா? பயமாக இருக்கிறது என்று சொல்லக் கௌரவம் இடம் கொடுக்கவில்லை.

"ஒரு யோசனை சொன்னீங்க, சரி. அதுக்காக இப்படியெல்லாமா நினைச்சுக்குவீங்க?"

அவன் முகம் சுண்டிப்போயிற்று. அடுத்த சனிக்கிழமை வரவில்லை. அதற்கடுத்ததும்…

மார்கழி, தை கழிந்தன. சோறு இறங்காத மகளை அப்பாவே கூப்பிட்டு விசாரித்தார். அழுதுகொண்டே சொன்னாள்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதாம்மா? நல்ல பையனா இருந்தா கூட்டிட்டு வா."

மறுநாளே முசிறி பஸ் ஏறினாள். பள்ளிக்கூட வாசலில் அவன்… விரலில் புது மோதிரம்.

"போன வாரம்தாங்க கல்யாணம் ஆச்சு. அத்தை பொண்ணு…"

பஸ் நிற்கும் இடம்வரை கூடவே நடந்தான். படியில் கால் வைத்தவள் திரும்பினாள்.

"அன்னைக்கு நான் சொன்னது பொய்ங்க. உங்களைப் பிடிக்கும்… ரொம்பப் பிடிக்கும். அதைச் சொல்லத்தான் வந்தேன்."

அவன் தலை நிமிரவில்லை. "தெரியுங்க… நாந்தான் இன்னொரு தடவை வந்து கேட்டிருக்கணும்."

கண்டக்டர் விசில் ஊதினார். ஜன்னலோரம் வழிநெடுகக் காவிரி கூடவே வந்தது. அவள் பார்க்கவில்லை.