பேசினைக் கலக்கியது யார்?

தேவிஸ்ரீக்கு ஹரிதாஸ் மேல் சந்தேகம். அவன் தும்மினால்கூட அதில் ஏதோ திட்டம் இருக்கும் என்று நினைக்கும் அளவுக்குச் சந்தேகம்.

செலண்டார் ஊருக்குப் பக்கத்துத் தோட்டத் தமிழ்ப்பள்ளியில் அறிவியல் கண்காட்சி வந்தது. நமக்குப் பக்கத்தில் இருக்கும் விண்மீன் மண்டலங்களில் நட்சத்திரங்கள் பிறந்துகொண்டே இருக்கின்றன. அங்கே வாயு ஓயாமல் கலங்குமாம். ஏன் என்று விளக்குவதுதான் தேவிஸ்ரீயின் வேலை.

நீல பிளாஸ்டிக் பேசின் நிறையத் தண்ணீர் பிடித்து, அடியில் மஞ்சள் தூளைப் படிய விட்டாள். மஞ்சள்தான் வாயு. ஸ்ட்ரா வைத்து ஊதினால் குமிழிகள் கிளம்பும். அவைதான் வெடிக்கும் நட்சத்திரங்கள். உடனே மஞ்சள் குபுகுபுவென்று கலங்கும்.

ஆனால், ஊதும்வரை அது கலங்காமல் இருக்க வேண்டுமே? காலையில் வந்து பார்த்தால் யாரோ கலக்கிவிட்டுப் போயிருந்தார்கள். மறுநாளும் அப்படித்தான். தண்ணீர்கூடக் கொஞ்சம் ஏறியிருந்தது.

பக்கத்து மேசையில் ஹரிதாஸின் காகித எரிமலை. தன் எரிமலைக்கு முன்னால் பேசினெல்லாம் எடுபடாது என்று அவன் பீற்றிக்கொண்டது தேவிஸ்ரீக்கு நினைவு வந்தது. அவன் கையைப் பார்த்தாள். விரல் நுனியெல்லாம் மஞ்சள்.

அத்தை வீட்டில் மஞ்சள் போட்ட நாசி குஞ்ஞிட் சோறு சாப்பிட்டதாக ஹரிதாஸ் சொன்னான். யாரிடம் கதை விடுகிறான்? தேவிஸ்ரீ நேராக ஜெயமணி டீச்சரிடம் போய் ஹரிதாஸ்தான் கலக்குகிறான் என்று சொல்லிவிட்டாள். டீச்சருக்குத் தலைக்கு மேல் வேலை. எரிமலையைப் பின்பக்க வராந்தாவில் வைக்கச் சொல்லிவிட்டார். விருந்தினர் யாரும் எட்டிப் பார்க்காத இடம் அது. ஹரிதாஸ் எரிமலையைத் தூக்கிக்கொண்டு போனான்.

கண்காட்சி அன்று காலை. பேசின் மறுபடியும் கலங்கியிருந்தது.

தேவிஸ்ரீ கதவுக்குப் பின்னால் ஒளிந்து நின்று பார்த்தாள். அறையில் யாருமே இல்லை. ஆனால் மஞ்சள் தானாகவே குபுக்கென்று எழும்பியது. பேயோ என்னவோ? மெல்ல நடந்து போய்ப் பேசினுக்குள் எட்டிப் பார்த்தாள்.

ஒரு குட்டி வால் ஆடியது. சாக்கடையில் பிடிக்கிற லோங்காங் மீன்!

அறையைக் கூட்ட வந்த மீனம்மா அக்கா சிரித்தார்.

"நாந்தாம்மா விட்டேன். தண்ணி தேங்கி நின்னா கொசு முட்ட போட்டுரும்லா. டெங்கி ஆபீசர் பாத்தா சமன் போட்டு அபராதம் கட்ட வச்சிருவாரு. மீனு பாவம்னு சாயங்காலத்துல கொஞ்சம் தண்ணியும் ஊத்திட்டுப் போவேன்."

அந்தத் தோட்டத்தில் அப்படித்தான். உடைந்த வாளியில் தண்ணீர் நின்றாலும் உடனே ஒரு மீனை விட்டுவிடுவார்கள்.

தேவிஸ்ரீக்கு வெட்கமாகிவிட்டது. அழுகையும் வந்தது. மீனை வெளியே எடுக்கவில்லை, தண்ணீரையும் மாற்றவில்லை. முதலில் டீச்சரிடம் ஓடி, தான் சொன்னது தப்பு என்று சொன்னாள். பிறகு வராந்தாவுக்குப் போய் எரிமலையின் ஒரு பக்கத்தைப் பிடித்தாள்.

"சாரி ஹரிதாஸ். மீனுதான் கலக்குச்சு."

"மீனையாச்சும் நல்லா விசாரிச்சியா?" என்று கேட்டுக்கொண்டே அவன் மறுபக்கத்தைப் பிடித்தான்.

எரிமலை பழைய இடத்துக்கு வந்தது. மீன் கதையைக் கேட்ட டீச்சருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. வெளியிலிருந்து வந்து விழும் வாயுவும் விண்மீன் மண்டலத்தைக் கலக்கலாம், மீனம்மா ஊற்றிய தண்ணீர் போல, என்றார். விஞ்ஞானிகளே இதைப் பற்றி இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார்களாம்.

கொஞ்ச நேரத்தில் விருந்தினர் வந்தார். கலங்கிய பேசினைக் குனிந்து பார்த்தார்.

"அப்ப வாயுவைக் கலக்குறது யாரும்மா?"

"உள்ள வெடிக்கிற நட்சத்திரமா இருக்கலாம் சார். வெளிய இருந்து வந்து விழுற வாயுவா இருக்கலாம். ரெண்டுமாவும் இருக்கலாம். இன்னும் தேடிக்கிட்டு இருக்காங்க."

தேவிஸ்ரீ பக்கத்து மேசையை ஒரு தரம் பார்த்தாள்.

"ஆனா ஒண்ணு மட்டும் உறுதி சார். ஹரிதாஸ் இல்ல."