இன்னொருவன் பெயரில் போருக்குப் போனவர்

"அந்தக் கோப்பு என்னுது" என்றாள் பிரியோனி.

"பேர் போட்டிருக்கா?" என்றான் அவன்.

"போட்டிருக்கே... கார்வெத். நான் பிரியோனி கார்வெத்."

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நான் லாக்லன் கார்வெத்."

லான்செஸ்டன் நூலக மாடியில், ஊர்க் குடும்பங்களின் கோப்புகளைப் பேர்வாரியாக வைத்திருக்கும் அறை அது. சன்னலில் மழை அறைந்தது. அந்த மழையின் நிறம்தான் அவன் கண்களுக்கும்... சே, இதை எதற்குக் கவனிக்கிறேன்?

டாஸ்மேனியாவில் கார்வெத் ஒரே குடும்பம். அப்படியானால் இவன் பங்காளி... அண்ணன் முறை.

முதல் உலகப்போருக்குப் போன கொள்ளுத்தாத்தா தாமஸைத் தேடி வந்திருந்தாள் அவள். அவர் பதக்கங்களை மாட்டிக்கொண்டுதான் அப்பா ஒவ்வொரு ஏப்ரலிலும் போர்வீரர் நினைவுநாள் அணிவகுப்பில் நடப்பார். லாக்லன் தேடியதும் அதே தாமஸைத்தான். அவனுடைய கொள்ளுத்தாத்தாவின் அண்ணன்.

மூன்று சனிக்கிழமைகள் ஒரே மேசையில் தேடினார்கள். மற்ற நாட்களில் அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. வேலை பார்க்கும் பல் மருத்துவமனையில் நோயாளிகளைப் பேர் மாற்றி மாற்றிக் கூப்பிட்டாள்.

நான்காவது சனி. அவன் முகத்தில் சிரிப்பில்லை.

"தாமஸ் ஒன்பது வயசுலயே காய்ச்சல்ல போயிட்டார். கல்லறையைப் பார்த்தேன். போருக்குப் போனது வேற ஆள்."

"எங்க தாத்தா பேரைத் திருடினார்ங்கிறீங்களா?"

"அப்படிச் சொல்லல..."

"வேற எப்படி?" விடுவிடுவென்று படியிறங்கிப் போய்விட்டாள்.

வீட்டில் கொள்ளுத்தாத்தாவின் படைப் பதிவுகளைக் கடைசித் தாள்வரை படித்தாள். அதில் அவரே கையெழுத்திட்ட வாக்குமூலம் இருந்தது. உண்மைப் பேர் வால்டர் கப். பதினாறு வயதென்று திருப்பி அனுப்பினார்கள். பக்கத்து வீட்டில் இறந்துபோன, என்னைவிட மூத்த பையனின் பேரில் சேர்ந்தேன். உடனிருந்து செத்தவர்களுக்கு என்னை இந்தப் பேரில்தான் தெரியும், இதையே வைத்துக்கொள்கிறேன்.

அப்பா இரண்டு முறை படித்தார். "போருக்குப் போனது இவர்தானேம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு, விறகு பிளக்கப் போனார்.

அடுத்த சனிக்கிழமை லாக்லன் நூலக வாசலிலேயே நின்றிருந்தான்.

"இன்னும் கோபமா?"

"உங்க மேல இல்ல... என் மேல. அவர் கார்வெத் இல்லன்னு நீங்க சொன்னதும் எனக்கு முதல்ல வந்தது சந்தோஷம். அப்போ நாம உறவே இல்லன்னு... அப்பா உயிரா வச்சிருந்த பேரு போகுது, நான் உள்ளுக்குள்ள குதிக்கிறேன். அந்த வெட்கத்துலதான் ஓடினேன்."

"கல்லறையைப் பார்த்தது புதன்கிழமை. எனக்கும் அதே சந்தோஷம்தான், அப்புறம் மூணு நாள் தூக்கமே இல்ல. எப்படிச் சொல்றதுன்னு ஒத்திகை பார்த்துப் பார்த்து... கடைசில தப்பா சொல்லிட்டேன்."

மழை வலுத்தது. இருவரும் நகரவில்லை.

"சரி..." என்றாள், அவன் சட்டைப் பொத்தானைப் பார்த்தபடி. "இப்ப சரியா சொல்லுங்க."

சொன்னான்.