வெட்டுவானேரிக்குள் நாற்பத்தொரு முறை

அறவாழி நெற்றிப்பட்டையை மாட்டிக்கொண்டு நாற்பதாவது முறையாக வெட்டுவானேரிக்குள் இறங்கினான். இடுப்பளவு தண்ணீர், எதிரே சாயப்பட்டறைக் குழாய். அடைக்கவா, திறந்துவிடவா என்று, பார்ப்பவரையே உள்ளே இறக்கிவிடும் அந்த நுழைபடம் பணிவாகக் கேட்டது. திறந்துவிடச் சொன்னான். நீலத் தண்ணீர் பாய்ந்து கெண்டை மீன்கள் செத்து மிதந்தன. அவனுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

அது செலஸ்டினா எடுத்த படம். ஒரே கல்லூரியில் ஒரே பெஞ்சில் அவனோடு உட்கார்ந்து படித்தவள். இப்போது ஆளுக்கொரு ஏரியைப் படமெடுத்திருந்தார்கள். அவளுக்கு வெட்டுவானேரி, அவனுக்குச் சொந்த ஊரான மாங்குடி ஏரி. ஏரிகள் ஆணையம் இந்த ஆண்டு இரண்டில் ஒன்றைத்தான் தூர்வாரிக் காப்பாற்றும். மற்றது மனைப்பிரிவாகிவிடும். எந்த ஏரியின் படம் மக்களை அதிகம் கலங்க வைக்கிறதோ, அந்த ஏரிக்கு வாழ்வு. வாயால் சொல்லும் 'ஐயோ பாவம்' ஆணையத்திடம் செல்லாது. நெற்றிப்பட்டையிலுள்ள உள்ளமானி நாடித்துடிப்பையும் மூச்சையும் வியர்வையையும் அளந்து ஒவ்வொரு நுழைவுக்கும் மதிப்பெண் போடும்.

அவளுடைய படத்தில் ஒரு கொக்குக்குஞ்சு வரும். நாம் கையை நீட்டினால் உள்ளங்கையில் ஏறி உட்காரும். தனக்கு ஏன் இது தோன்றவில்லை என்று நினைக்கும்போதெல்லாம் அறவாழிக்கு வயிறு பற்றி எரிந்தது. கல்லைப்போல உள்ளே போய், ஏரியைக் கொன்றுவிட்டுக் கலங்காமல் திரும்பினால் அவளுடைய சராசரி சரியும் என்று கணக்குப் போட்டான். தன்னைக் கல் என்றே அவன் நம்பினான்.

அவனுக்கு ஒலிப்பதிவு செய்த ரஹ்மத்துல்லாவும் மாங்குடிக்காரன்தான். மாங்குடிப் படத்தில் வரத்துக்கால்வாய்க் காட்சி இழுக்கிறதென்று ஊரே சொல்கிறது, வெட்டிவிடலாம் என்று பத்து நாளாகக் கெஞ்சிக்கொண்டிருந்தான்.

"நம்ம படத்துக்குள்ள ஒரு தடவையாச்சும் போய்ப் பாருங்க சார்."

அப்புறம் பார்க்கலாம் என்று அறவாழி நாற்பத்தோராவது முறையாகப் பட்டையை மாட்டிக்கொண்டான்.

முடிவு வந்த அன்று அறவாழியும் ரஹ்மத்துல்லாவும் படத்தொகுப்பு அறையில் இருந்தார்கள். வெட்டுவானேரி வென்றிருந்தது, மயிரிழையில். அடுத்த நிமிடமே செலஸ்டினா அழைத்தாள். ஒலிபெருக்கியில் அவள் குரல் தழுதழுத்தது.

"ஆணையம் அனுப்புன கணக்கப் பாத்தேன். உன்ன நான் தப்பா நெனச்சிட்டேன் அறவாழி. மத்தவங்க ஒரு தடவ கலங்குனாங்க. நீ நாப்பத்தொரு தடவையும் துடிச்சிருக்க. நாடி நூத்தி முப்பது! கொக்குக்குஞ்சு வர்ற எடத்துல மூச்சே நின்னுருக்கு. உன் மதிப்பெண்ணக் கழிச்சா என் ஏரி தோத்துருக்கும். உன்னையே வெட்டுவானேரிக் காவலராப் போடப் போறாங்களாம்."

அது கலக்கமல்ல, பொறாமை என்று அறவாழி சொல்லிவிடலாம். உள்ளமானிக்கு இரண்டும் ஒன்றுதான் போலிருக்கிறது. ஆனால் அதைச் சொன்னால், சொந்த ஊர் ஏரியைத் தானே மண்ணள்ளிப் போட்டு மூடியதையும் சொல்ல வேண்டும். அவமானமாக இருந்தது. இத்தனைக்கும் நடுவில், அவள் ஜெயித்துவிட்டாளே என்றும் எரிந்தது.

தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"ஏரின்னா எனக்கு உசுரு, செலஸ்டினா."

கழுத்திலிருந்த காதொலிப்பானைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு ரஹ்மத்துல்லா அவனைத் திரும்பிப் பார்த்தான்.

"எந்த ஏரி சார்?"