கல்வெட்டுக் கோப்புறை

கடையில் 611 படங்கள். புத்தூரில் 612.

ஜெயரூபன் திரும்பவும் பார்த்தான். நெல்லியடியில் அவன் நடத்தும் ஸ்ரூடியோவின் இருபது வருடப் படங்கள் மூன்று ஹாட் டிஸ்க்குகளில் இருந்தன. ஒன்று கடையில், ஒன்று வீட்டில், மற்றது புத்தூரில் மச்சான் குகதாசனிடம். ஒன்றில் அழிந்ததை மற்றவை தாமே நிரப்பிவிடும். அந்த ஒழுங்கைச் செய்தவன் என்ற திமிர் அவனுக்குக் கொஞ்சம் உண்டு.

'கல்வெட்டு' என்ற கோப்புறையில்தான் கணக்குப் பிசகியது. செத்தவரின் முப்பத்தோராம் நாளுக்கு அச்சிடும் கல்வெட்டு என்ற நினைவுப் புத்தகத்துக்காக, கலியாணவீட்டுக் கூட்டத்திலிருந்து முகத்தை வெட்டியெடுத்து, சாம்பல் பின்னணி வைத்து, கீழே மலர்வு, உதிர்வு என்று இரண்டு திகதிகள் போட்ட படங்கள்.

போன கிழமையும் ஒன்று கூடியிருந்தது. பக்கத்துக் கடை நாகலிங்கத்தின் முகம். ஏதோ பிழை என்று விட்டுவிட்டான். மூன்றாம் நாள் நாகலிங்கம் செத்துப்போக, மகன் படம் கேட்டு வந்தான். வேலை மிச்சமென்று அதையே எடுத்துக் கொடுத்தான் ஜெயரூபன். உதிர்வுத் திகதி முன்கூட்டியே சரியாக இருந்ததைக் கண்டான். கண்டும் வாய் திறக்கவில்லை.

வெளியே மத்தியான வெயிலில் பஸ்கள் ஹோன் அடித்துக்கொண்டிருக்க, பூட்டிய கண்ணாடிக் கதவுக்குள்ளே டிஸ்க் பல்லைக் கடிப்பதுபோல் நறநறத்தது. கருகிய வயர் மணமென்று முதலில் நினைத்தது, மூக்கில் ஏற ஏற, செத்தவீட்டுச் சாம்பிராணியாக மாறியது.

புத்தூர் டிஸ்க்கிலிருந்த 612ஆவது படத்தைத் திரையில் திறந்தான்.

மதுரா. அவனுடைய ஒரே மகள். உதிர்வு: இன்று.

அழித்தான். வந்தது. அழித்தான். வந்தது. புத்தூருக்குப் போன் எடுத்தான்.

"மச்சான், உன்னட்டைக் கிடக்கிற டிஸ்க்கைக் கழட்டு. கெதியா."

"அப்பவே கழட்டிட்டன்," என்றான் குகதாசன். "எண்டாலும் ஓடுது. நீதானே சொன்னனி, உது ஒண்டையும் அழிய விடாதெண்டு."

கடை டிஸ்க்கை நிலத்தில் அடித்தான். உடைந்தது. திரை அணையவில்லை. வீட்டுக்குப் போன் எடுத்தான்.

"மதுரா, வீட்டை விட்டு வெளியிலை வா. இப்பவே."

"ஓம் அப்பா, வாறன். செருப்பைப் போடுறன். ஆர் அப்பா உங்களோடை? கனபேர் கதைக்கிற சத்தம் கேக்குது."

கடையில் அவன் மட்டும்தான்.

"மதுரா?"

திரும்பிப் பார்த்தான்.

திரையில், சாம்பல் பின்னணியில், போனைக் காதில் வைத்தபடி நின்றாள். ஒரு காலில் மட்டும் செருப்பு.

கடையில் 612. வீட்டில் 612. புத்தூரில் 612.