வலது கால் ஷூ

காலை 5.20. பயணப் பையின் அடியில் கைவிட்ட பங்கஜத்துக்கு இடது கால் ஷூ மட்டுமே கிடைத்தது.

ஆறரைக்குத் தியாகராய நகர் வீட்டு வாசலுக்கு வேன் வந்துவிடும். வால்பாறை மலையில் இரண்டு நாள் நடை. மேட்டுப் புல்வெளியில் வரையாடு பார்க்கலாம். முப்பது ஆண்டு ஏக்கம். ஷூ இல்லாதவர் மலையேற முடியாது என்று வழிகாட்டி கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

5.35. பங்கஜம் கூப்பிட்டதும் எதிர்வீட்டுச் சுந்தரவல்லி வந்தாள். ஓய்வுபெற்ற காவல் உதவி ஆய்வாளர்.

“பையை எப்ப கட்டினீங்க அக்கா?”

“நேத்து நாலு மணிக்கு. வழிகாட்டி சொன்னபடி துணியெல்லாம் பாய் மாதிரி சுருட்டித் திணிச்சேன். ஷூ ரெண்டும் அடியில.”

“பக்கத்துல யாரு இருந்தா?”

“தேவானை பெருக்கிட்டிருந்தா. ஆறு மணிக்குப் போயிட்டா.”

“அவளைக் கேளுங்க,” என்றார் கணவர் கருணாகரன். உஸ்மான் சாலையில் நாற்பது ஆண்டு ஜவுளி விரித்துக் காட்டியவர். “ஆனா வீட்டு விஷயம் வாசல் தாண்டக் கூடாது, பாத்துக்கிடுங்க.”

5.45. வேலைக்கு வந்த தேவானை, ஷூவைப் பற்றிக் கேட்டதும் கொதித்தாள்.

“இன்னாம்மா இது? ஒத்தக் கால் ஷூவ வச்சிக்கினு நா இன்னா பண்றது? எம் புருசனுக்கு ரெண்டு காலு கீது!”

சுந்தரவல்லி சிரிக்கவில்லை. பையைத் திறந்து பார்த்தாள். துணிகள் ஒரே அகலத்தில், ஓரம் வெளியே தெரிய அடுக்கடுக்காக இருந்தன.

“அண்ணாச்சி, பையைத் தொட்டீங்களா?”

“பொம்பளைங்க பையை நான் எதுக்குத் தொடுதேன்?”

6.05. சுந்தரவல்லி பையை மூடினாள்.

“தேவானை கேட்டது நியாயம். விக்க எடுக்கிறவ ரெண்டையும் எடுப்பா. ஒண்ணை மட்டும் எடுத்தது பயணத்தை நிறுத்த. அக்கா சுருட்டின துணி இப்ப கடை மடிப்புல இருக்கு. கலைஞ்ச துணியை மடிக்காம விட இந்த வீட்டுல ஒரு கைக்குத்தான் வராது. உங்க கை, அண்ணாச்சி.”

கருணாகரன் முதுகு வளையாமல் அமர்ந்திருந்தார். பிறகு, “பீரோவுக்குப் பின்னால கிடக்கு,” என்றார்.

“ஏன்?” என்றாள் பங்கஜம்.

“அந்த ஆட்டை நான்தான் காட்டுவேன்னு கல்யாணமான புதுசுல சொன்னேன். தீபாவளி, பொங்கல், ஆடித் தள்ளுபடின்னு ஒவ்வொரு வருசமும் தள்ளிப்போச்சு. இப்ப முட்டி மடங்கல. நீ தனியாப் பாத்துட்டா என் வாக்கு என்னாகும்?”

“மொதல்ல தேவானைகிட்ட மன்னிப்பு கேளுங்க,” என்றாள் பங்கஜம்.

அவர் எழுந்தார். “தப்பு என் பேர்ல, தாயி.”

“சர்தான் வுடு, நைனா. ஆனா நாளைக்கு எதுனா காணோம்னா மொதல்ல பீரோ பின்னால பாரு.”

6.30. வேன் வந்தது. இரண்டு ஷூவையும் மாட்டிக்கொண்டு பங்கஜம் ஏறினாள். கருணாகரன் ஜன்னலருகே நின்றார்.

“ஆட்டைப் பாத்ததும் போன் போடு.”

“மேல டவர் கெடையாதாம்.”

“எறங்கினதும் போடு. எத்தனை மணியானாலும் முழிச்சிருப்பேன்.”